ஒரே குழி

அமெரிக்கக் குதிரைப்படையை விட்டு ஓடிப்போனதாகச் சொல்லப்பட்ட அண்ணன் கோல்மனைத் தேடி, அயர்லாந்திலிருந்து மொன்டானா வரை வந்துவிட்டான் ஃபின்டன். அண்ணன் செத்துவிட்டான் என்று சொல்லி அவனைக் கல்லறைக்கு அழைத்துப்போனவள், செயென் என்னும் பழங்குடியைச் சேர்ந்த நாரைப்பெண் என்பவள். கோட்டையிலிருந்த சிப்பாய்களுக்குத் துணி துவைத்து ஆங்கிலம் பழகியவள்.

ஓநாய் தோண்டாதபடி குழியின்மேல் கல் அடுக்கியிருந்தது. சுற்றிலும் ஒரு களைகூட இல்லை.

ஃபின்டன் அவள் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "யாரோ பெத்த பிள்ளையை இத்தனை வருஷமாப் பார்த்துக்கிட்டீங்களே, அம்மா! எப்படிச் செத்தான்?"

"விடியும்போது உன் அண்ணனோட படை எங்க கூடாரங்களுக்குள்ள புகுந்து சுட்டுச்சு. பனியெல்லாம் ரத்தம். உன் அண்ணன் மண்டை பிளந்து விழுந்தான்."

"எவன் பிளந்தான்?"

"நான்தான். கோடாலியால."

துப்பாக்கி அவள் நெற்றிக்கு நேரே நீண்டது. "கொன்னுட்டு, கல்லறைக்குக் காவல் வேறயா?"

அவள் நகரவில்லை. "அவன் உடம்பு கிடைச்சிருந்தா, மிச்சம் இருந்தவங்களையும் தீர்த்திருப்பாங்க. அதான் ஒளிச்சேன். படை திரும்பி வர்றதுக்குள்ள ஒரு குழிதான் வெட்ட முடிஞ்சுது, தம்பி. உன் அண்ணனை அடியில போட்டேன். அவன் சுட்ட என் மகனை மேல படுக்க வச்சேன். ஏழு வயசு. நான் காவல் காக்கிறது அவனைத்தான்."

ஃபின்டனின் துப்பாக்கி தாழ்ந்தது. அண்ணனின் எலும்புகளை ஊருக்குக் கொண்டுபோகவே அவன் மண்வெட்டியோடு வந்திருந்தான்.

"தோண்டப் போறியா?" என்றாள்.

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குதிரையை நோக்கி நடந்தான்.