பச்சைப் பொட்டலம்

கூட்டு நிறுவன ஒப்பந்தத்தில் கையெழுத்திட இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. தைவானின் சிஞ்சு நகரிலிருந்த தன் சிப் சோதனைக் கூடத்தைச் சுங் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். அவர் பங்காகத் தருவது அங்கே ஓடிக்கொண்டிருந்த பன்னிரண்டு இயந்திரங்கள். பெங் தருவதோ, முப்பது வருடம் வளர்த்த தன் கம்பெனியில் பாதி.

"ரெண்டு வருஷமா ராப்பகலா ஓடுது" என்றார் சுங், வேலைப் பதிவேட்டை நீட்டி.

பெங்கின் வக்கீல் யூ-ச்சிங் அதை வாங்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, மக்கர் பண்ணாமலிருக்க முதல் இயந்திரத்தின் தலையில் வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தை எடுத்தாள்.

"பசிக்குதா வக்கீலம்மா? அதைத் தொட்டா மெஷின் கோவிச்சுக்கும்."

அவள் ஒவ்வொரு இயந்திரமாகப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே போனாள். பெங்குக்கு மானம் போனது.

"வெச்சிடும்மா. கையெழுத்துப் போட வந்தோம், நொறுக்குத்தீனி திங்க வரலை."

"பேனாவை மூடுங்க தலைவரே. இதுல காலாவதித் தேதியைப் பாருங்க. அது முடிஞ்சு பதினோரு மாசம் ஆச்சு. பன்னிரண்டும் அப்படித்தான்."

"தின்பண்டம்தானே, யாரோ மாத்த மறந்திருப்பாங்க." சுங்கின் குரல் இறங்கியிருந்தது.

"ஓடுற மெஷின் மேல பழைய பொட்டலத்தை விட்டுவைக்க இந்த ஊர்ல யாருக்குத் தைரியம் இருக்கு சார்?"

போன வாரம்தான் பெங் தன் கூடத்தில் தேதி முடியுமுன் பொட்டலங்களைத் தானே மாற்றியிருந்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"சுங், இந்த மெஷினையெல்லாம் இன்னைக்குக் காலையில எத்தனை மணிக்கு ஓட விட்டீங்க?"