சாப்பாடு முடிவதற்குள்

வேகவைத்து வெளுத்த முசுக்கொட்டை மரப்பட்டையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, நொதியை ஊற்றி, குலுக்கும் கருவியில் இளஞ்சூட்டில் ஆட விட்டிருந்தாள் பூங்கோதை. நொதி பட்டையின் நாரைக் கொஞ்சம்போல் தின்று இளக்கிக் கொடுக்கும். அந்தப் பதத்தில் கொதிக்கவைத்து நொதியின் வேலையை நிறுத்திவிட்டு அரைவை இயந்திரத்தில் விட்டால், கண்ணுக்கே தெரியாத நுண்ணிழைகள் தயிர்போலத் திரண்டு வரும். பட்டை தந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்.

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் குடுவையைப் பார்த்து "சாப்டாச்சா?" என்று கேட்பது அவள் பழக்கம். வீட்டில் அதை அவளிடம் கேட்க ஆளில்லை; அவள் கேட்கவும் ஆளில்லை.

வெள்ளிக்கிழமை மாலை உடன் வேலைசெய்யும் இளமாறன் எட்டிப்பார்த்தான். "நொதிய நிறுத்திட்டீங்களா மேடம்?"

வெந்நீர் தயாராகக் கொதித்துக்கொண்டிருந்தது. குடுவையைக் கையில் எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். இலை முன்னால் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்ப மனம் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடட்டும்," என்றாள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தபோது குடுவையில் நாரே இல்லை. தெளிந்த தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நார் முழுசையும் தின்னு சர்க்கரையாக்கிடுச்சு," என்றான் இளமாறன். "இத்தன மாச வேலையும் போச்சு." பிறகு சும்மா பேச்சுக்கு, "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனான்.

ஆய்வகத்தில் யாரும் செய்யக்கூடாததைப் பூங்கோதை செய்தாள். விரலை அந்தத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். புளிப்புக்குப் பின்னால் லேசாக இனித்தது.

"ஆச்சு," என்றாள்.