மப்ரூக்கா கேட்டது

கடைசிக் கோப்பையை வைத்துவிட்டு விழுவது என்று வீட்டு வேலைக்காரி மரியம் முடிவு செய்திருந்தாள்.

முற்றத்தில் பதினேழு பெண்கள் இருந்தார்கள். அஸர் தொழுகை முடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் மேடம் பச்சைப் பட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷார்ஜாவில் எந்த டாக்டராலும் மேடத்தின் தலைவலிக்குப் பெயர் சொல்ல முடியவில்லை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, ஆண்கள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து, சடங்கு நடத்தும் பகீத்தா மேளக்காரிகளோடு வருவாள். சாம்பிராணி போடுவார்கள். மேளத்தோடு ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தையும் தட்டுவார்கள். யார் மேலாவது ஆவி இறங்கும்.

இறங்கியதை விரட்டுவதில்லை. பெயர் கேட்டு, என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது.

மரியத்துக்கு வேண்டியது அவளுடைய பாஸ்போர்ட்.

அது மேடத்தின் இரும்பு அலமாரியில் இருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நோன்பு முடியட்டும் என்றாள் மேடம். பிறகு ஹஜ் முடியட்டும் என்றாள்.

தொண்ணூறில், இலங்கையில், மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பம் அவளுடையது. மகள் ஹாலிதா இப்போது புத்தளத்து முகாமில் இருந்தாள். அவளுடைய கடைசிக் கடிதத்தில் கல்யாணத் தேதி இருந்தது. இன்னும் பதினொரு நாள். நீங்க வராட்டியும் நடக்கும் உம்மா என்று எழுதியிருந்தாள்.

அந்த ‘வராட்டியும்’தான் மரியத்தைத் தூங்கவிடவில்லை.

யோசனையைத் தந்தது பகீத்தா. தந்தோம் என்று அவளுக்கே தெரியாது.

மேடத்தின் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடத் தினமும் வருபவள் பகீத்தா. கறுத்து உயர்ந்தவள். அறுபத்தைந்து வயது. போகும்போது சமையலறையில் நின்று ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வாள். எப்போதோ இறந்துபோன தன் தாய் மப்ரூக்காவைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஆப்பிரிக்கக் கரையில் எட்டு வயதில் பிடிபட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு, இதே வீட்டில், மேடத்தின் பாட்டனாருக்கு விற்கப்பட்டவள் மப்ரூக்கா. அந்தப் பெயரும் இவர்கள் வைத்ததுதான். பழைய பெயர் அவளுக்கே மறந்துபோயிற்று.

ஒரு நாளைக்கு ஒன்று. மரியத்துக்கு அது போதும்.

தரை கழுவும் க்ளோராக்ஸில் விரல் வெந்த நாளில், தண்ணீர் சுமந்து பாதம் பிளந்த மப்ரூக்காவை நினைத்துக்கொள்வாள். மேடம் கைநீட்டிய நாளில், அடிபட்ட முதுகோடு மேளத்துக்கு ஆடப்போன மப்ரூக்காவை. தொழுகைப் பாயில் துஆக் கேட்கும்போது ஹாலிதாவின் பெயருக்கு அடுத்து அந்தப் பெயரும் தானாக வர ஆரம்பித்தது.

ஒருநாள் பகீத்தா சிரித்துக்கொண்டே சொன்னாள், அடிமை கேட்டால் அடி விழும், அடிமைக்குள் இருக்கிற ஆவி கேட்டால் எசமான் கடைக்கு ஓடுவான் என்று. சிவப்புப் பட்டு, வெள்ளி மோதிரம், இரண்டு நாள் ஓய்வு. மப்ரூக்கா எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்கினாளாம்.

அன்றிலிருந்து மரியம் வேக்யூம் கிளீனர் சத்தத்துக்குள் அரபு வார்த்தைகளைச் சொல்லிப் பழகினாள். நான் மப்ரூக்கா. இவளுடைய பாஸ்போர்ட்டைக் கொடு. இவளை ஊருக்கு அனுப்பு.

பாவம்தான். அல்லாஹ் மன்னிப்பான். பிடிபட்டால் மேடம் மன்னிக்க மாட்டாள்.

கடைசிக் கோப்பையை வைத்தாள். விழுந்தாள்.

தட்டு உருண்டு போகும் சத்தம் கேட்டது. நினைத்ததைவிட எளிதாக இருந்தது. கைகால்களை உதறினாள். யாரோ மேலே ஒரு துணியைப் போட்டார்கள். துணிக்குள் புகையும் பகீத்தாவின் முகமும் வந்தன.

யார் நீ, என்ன வேண்டும் என்று அந்த முகம் கேட்டது.

மரியம் பழகியதைச் சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. குரல் மட்டும் அவள் நினைத்ததைவிடக் கனமாக வந்தது.

தகரம் நின்றது. மேளங்களும் நின்றன.

பகீத்தா மரியத்தின் வாயையே பார்த்தாள். பிறகு எழுந்து, ஆவி கேட்டதை மேடத்திடம் உரக்கச் சொன்னாள். அப்படிச் சொல்வது அவளுடைய வேலை. பாஸ்போர்ட் என்ற சொல் மரியத்தின் காதில் தெளிவாக விழுந்தது. சற்றுப் பொறுத்து இரும்பு அலமாரி திறக்கும் ஓசையும் கேட்டது.

அந்தி நேர மக்ரிப் தொழுகைக்கு முன்பே எல்லோரும் போய்விட்டார்கள். பாஸ்போர்ட் மரியத்தின் சட்டைக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை டிக்கெட் போடுவதாக மேடம் அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தாள்.

சமையலறையில் பகீத்தா மட்டும் நின்றாள். இன்றைக்குப் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. அவளையும் ஏமாற்றிவிட்டுப் போக மரியத்துக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் கற்ற அரபில் சொன்னாள்.

“கோவிக்காதீங்க. எனக்கு மேல ஒண்டும் இறங்கல்ல. நான் நடிச்சேன்.”

பகீத்தாவின் கண்கள் சிவந்திருந்தன.

“நீ அரபில ஒரு சொல்லும் பேசல்லையே, புள்ள.”

மரியத்துக்கு விளங்கவில்லை. பகீத்தா மெதுவாகச் சொன்னாள். மரியம் பேசியது மப்ரூக்கா தூக்கத்தில் மட்டும் பேசும் பாஷை. நாற்பது வருஷமாக அது யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. பகீத்தாவுக்கு அதில் பத்துச் சொல் தெரியும். ஊருக்குப் போகவேண்டும் என்று மட்டும்தான் அந்தக் குரல் கேட்டது. திரும்பத் திரும்ப அதையேதான். மரியத்தின் பெயரையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துச் சொன்னது பகீத்தா. மேடம் அதைப் பூட்டிவைத்திருப்பது அவளுக்குத் தெரியும்.

மரியம் புறங்கையால் வாயைத் துடைத்தாள். நாக்கு எப்படிப் புரண்டது என்று நினைத்துப் பார்த்தாள். அரபுதான் ஞாபகம் வந்தது.

வெளியே பாங்கு சொன்னார்கள்.

பிறகு பகீத்தா கிட்டே வந்து, சரிந்திருந்த அவளுடைய முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள். சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் இல்லை. பெரியவர்களைத் தொடும்போது இருக்கும் தயக்கம் அந்த விரல்களில் இருந்தது.

“வழி நெடுக என்ட உம்மாவோட கதைச்சுக்கொண்டே போ. இது கப்பல் இல்ல, பிளேன் எண்டு சொல்லு. கப்பல் எண்டு நினைச்சா கத்துவாள்.”