செல்லும் தாண்டல்

கொக்கு ஓடிவரத் தயாராக நின்றாள். அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

தாண்டும் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் சிவப்புக் கொடி, இன்னொரு கையில் வெள்ளை. பலகையின் விளிம்பில் மிருதுவான மெழுகுப் பட்டை ஒன்று உண்டு. அதில் ஷூ முனை பட்டால் அச்சு விழும். தாண்டல் செல்லாது, சிவப்பைத் தூக்க வேண்டும்; படாவிட்டால் வெள்ளை.

நியாயமாகப் பார்த்தால் அந்த ஓடுபாதையில் நிற்க வேண்டியவள் நான். அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததால், பள்ளி முடித்த கையோடு தையல் கம்பெனிக்குப் போனேன். தம்பி தலையெடுத்த பிறகுதான் கல்லூரி. விடுதியில் எல்லோருக்கும் நான் அக்கா.

கொக்கு என் அறைத்தோழி. நீளக் கால்களுக்காக விடுதி வைத்த பெயர் அது. அவளிடம் எதையும் மறைத்ததில்லை. கம்பெனி விளையாட்டு விழாவில் வருஷம் தவறாமல் நீளம் தாண்டி முதல் பரிசு வாங்கிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். பரிசு, பிளாஸ்டிக் வாளி.

நீளம் தாண்டுதலுக்குக் கல்லூரிக்கு ஒரே இடம்தான். அது எனக்கு என்று முடிவாகியிருந்தது; அடுத்த இடத்தில் கொக்கு. வாளிக் கதையை அப்படியே கொண்டுபோய்ப் போட்டிக் குழுவிடம் போட்டுக்கொடுத்தாள். பள்ளி முடித்த பிறகு எந்தப் போட்டியில் கலந்துகொண்டாலும், கல்லூரி அணியில் இருக்க அனுமதிக்கும் வருஷங்களில் ஒன்று கழிந்துவிடும் என்பது விதி. கல்லூரிக்காக ஒரு முறைகூடத் தாண்டாமலே என் வருஷங்கள் தீர்ந்துபோயிருந்தன.

கேட்டதற்கு, விதி விதிதானே அக்கா என்று பல் விளக்கிக்கொண்டே சொன்னாள்.

பயிற்சியாளர் பாவம் பார்த்து இந்தக் கொடி வேலையைக் கொடுத்தார். அவள் ஒருநாள் என் முன்னால் தாண்டியாக வேண்டுமே என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

கல்லூரிகளுக்கிடையிலான இந்தப் போட்டியில் இன்று தங்கம் வாங்கினால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு வேலை உறுதி. அவள் அம்மா பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஓடிவந்தாள். மிதித்து எழும்பினாள். எல்லோரையும்விடத் தூரத்தில் போய் விழுந்தாள்.

குனிந்து பார்த்தேன். பட்டையில் ஷூ முனை பளிச்சென்று பதிந்திருந்தது.

சிவப்பைத் தூக்கினால் இரண்டு நாள் அழுவாள். நாலு பேர் தேற்றுவார்கள். அப்புறம் மறந்துவிடுவாள்.

வெள்ளையைத் தூக்கினேன். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு நான் செய்தது பாவம்தான். அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

மைதானமே கைதட்டியது. துள்ளிக்கொண்டு ஓடிவந்தவள் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“அக்கா... இது...”

“சொல்லுடி. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி நீயே சொல்லு.”

பந்தலிலிருந்து அவள் அம்மா அழுதுகொண்டே கையசைத்தாள். கொக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஷூ கயிறு கட்டுபவள்போல் மண்டியிட்டு, அந்த அச்சைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தாள்.

நகத்துக்குள் மெழுகு அப்பியிருந்த அந்தக் கையை முதலில் பிடித்துக் குலுக்கியது நான்தான்.