ராணிக்குப் பார்த்த வைத்தியம்

“வலது காது ஓகே. இடது காது ஓகே. வால் ரிஜக்ட்.”

கையில் டார்ச் லைட்டோடு வீட்டுப் பின்கட்டில் குப்புறப் படுத்திருந்தான் ரகுபதி. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அவனுக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. பகலெல்லாம் இரும்புச் சாமான்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பவன், சாயங்காலமானால் நாயைப் புரட்ட ஆரம்பித்துவிடுவான்.

“நாய்க்கு இன்னாங்க ரிஜக்ட்டு?” என்றாள் மனைவி மஞ்சுளா. “பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னை இப்பிடி ஒரு தபா உத்துப் பாத்தீங்களா?”

“பாத்திருந்தா லைன்லயே நிறுத்தியிருப்பேன்.”

ஈரத் துணி ஒன்று பறந்து வந்து ரகுபதியின் முதுகில் விழுந்தது. ராணி வாலை ஆட்டியது.

வாய் சிரித்தாலும் இருவருக்கும் உள்ளூரப் பயம். போன மாசம்தான் ராணி உண்ணிக் காய்ச்சலில் விழுந்து, எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்து பிழைத்தது. ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “இன்னொரு தடவ காய்ச்சல் வந்தா இது தாங்காது. உடம்புல ஒரு உண்ணிகூட இருக்கக் கூடாது, பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு உண்ணியா? தொண்ணூற்றொன்றாம் வருஷத்து வெயிலில், ராணியின் மேல் குடியிருந்த உண்ணிகள் அவர்கள் ஊரான வடக்குப்பட்டின் ஜனத்தொகையைத் தாண்டிவிட்டிருந்தன. அவற்றுக்கென்று தனி ரேஷன் கடையே திறக்கலாம். இன்று பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டால், துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி நாளைக்கு இரண்டு மடங்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

ரகுபதி சொந்தமாக ஒரு மருந்து தயாரித்தான். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய், கற்பூரம், இன்னும் அவன் வெளியே சொல்லாத ஏதேதோ. அந்த நாற்றத்துக்குத் தெருக் கொசுக்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஒரகடம் போய்ச் சேர்ந்தன. உண்ணிகளோ, ஒரு மாசம் எண்ணெய்க் குளியல் கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் பளபளப்பாயின.

“உங்க ஃபார்முலாவ நம்பினா ராணிய மண்ணுலதான் வெக்கணும்” என்றாள் மஞ்சுளா. மறுநாளே ஒரு கறுத்த கோழியை வாங்கி வந்து, அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். “கங்கையம்மா, ராணி ஒடம்புல உண்ணி இல்லாமப் போச்சுன்னா ஆடியில இந்தக் கோழி உனக்குத்தான்” என்று நேர்ந்து பின்கட்டில் விட்டாள்.

“ஆத்தாவுக்கே லஞ்சமா?” என்றான் ரகுபதி.

“வாயக் கழுவுங்க.”

விடிந்தும் விடியாமல் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இருவரும் வீடு திரும்புவார்கள். அவனுக்குச் செக்கிங், அவளுக்குப் பேக்கிங். அந்த மாசம் ஆர்டர் அதிகம் என்று ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. வேறு. வந்ததும் கோழியைக் கூடையில் போட்டு மூடுவது மஞ்சுளாவின் வேலை. டார்ச் அடித்து நாயைப் பார்ப்பது ரகுபதியின் வேலை.

நாலைந்து நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. கழுத்து பாஸ். வயிறு பாஸ். பிறகு ஒருநாள் வாலும் பாஸ். கடைசியில் கால் விரல் இடுக்கைக்கூட விரித்துப் பார்த்துவிட்டு, “டோட்டல் ஓகே” என்று எழுந்து நின்றான் ரகுபதி. “பாத்தியா என் மருந்த? ஸ்லோவா வேலை செய்யும். ஆனா செஞ்சிடும்.”

“உங்க மருந்தா? ஒரு மாசமா அதுல குளிச்சிகினு இருந்த உண்ணி இது. கோழிய நேர்ந்து வுட்ட அன்னிலேர்ந்துதானே கொறைஞ்சிது? கணக்கு பாருங்க.”

கணக்குப் பார்த்தான். மருந்துக் கணக்கு உதைத்தது. அவள் சொல்வதுபோல் அன்றிலிருந்துதான் குறைந்திருந்தது. குவாலிட்டி செக்கிங்காரன் முதல்முறையாக கங்கையம்மனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஆடி ஞாயிறு. இருவரும் ஓ.டி.க்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் பொங்கல் வைத்தார்கள். அம்மன் சன்னதியில் கோழியின் காதில் நன்றி சொல்லி, அறுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மிளகு தூக்கலாகக் குழம்பு கொதித்தது. வாசனை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கும். ராணி பளபளவென்று வாசலில் படுத்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ரகுபதி இலையில் தொடைக் கறி விழுந்தது.

“மஞ்சு, கீறியா?” என்று குரல் கொடுத்தபடி பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் வந்தாள். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். பென்னலூரில் மகள் வீட்டுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

“வாக்கா, சரியான நேரத்துக்கு வந்தே. உக்காரு, சாப்புடு.”

“சோறு இருக்கட்டும். எம் மாட்டு மடியெல்லாம் ஒரே உண்ணி. ரெண்டு நாளைக்கு உங் கறுப்புக் கோழியக் குடேன்.”

“கோழிய வெச்சிகினு இன்னாக்கா பண்ணப் போறே?”

“நல்லாக் கேட்டே போ. நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறுனதும் ராணி மல்லாந்துக்கும். கோழி அது மேல ஏறி நின்னு காது, வாலு, வெரலு இடுக்குன்னு ஒண்ணு வுடாம உண்ணியக் கொத்திக் கொத்தித் துன்னுமே. நீங்க அதுக்குன்னுதானே அந்தக் கோழிய வாங்கினு வந்தீங்க?”

ரகுபதியின் வாய்வரை போன வைத்தியரின் கால், நழுவி இலையில் விழுந்தது.