வரையாத அறை

"பதினான்காம் தேதி. இன்று ஒரு சிறு தவறு: குளியலறைக்குக் கதவை மட்டும் வரைந்தேன், உள்ளே வரைய மறந்துவிட்டேன்."

மதியம் அலுவலகத்தில் தன் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருந்தாள். இன்னும் கட்டாத வீடுகளை மெய்நிகர் கண்ணாடி மாட்டிச் சுற்றிப் பார்க்கும்படி கணினியில் வரைவது அவள் வேலை. இன்று பார்க்க வந்தவள் அவளுடைய அக்கா. அந்தக் கதவை விளையாட்டாகத் தட்டியவள், வெடுக்கென்று கண்ணாடியைக் கழற்றினாள்.

"உள்ள யாரோ இருக்காங்கடி. 'இரு, வரேன்'னாங்க. உன் குரலேதான்!"

"சும்மா பயமுறுத்தாதக்கா. அதுல நான் சத்தமே வைக்கல."

அக்கா சிரிக்கவில்லை. தங்கை தானே கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். கதவடியில் வெளிச்சம் தெரிந்தது. அதை மறைத்தபடி இரண்டு பாதங்களின் நிழல்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு வீடு வாங்குறவங்க வர்றாங்கம்மா. அந்தக் குளியலறைய முடிக்கலைன்னா நீ வேற வேலை பாத்துக்க."

வீட்டுக்கு வந்து, அதே நாட்குறிப்பில் எழுதினாள்:

"நாளை காலை: கதவைத் திறந்து, உள்ளே அறை வரைய வேண்டும்."