நாற்பத்திரண்டாம் எண் வீட்டில் முட்டி வலி

அழைப்பு மணியை அழுத்திவிட்டு, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையது.

வீட்டுக்கே போய் பிசியோதெரபி செய்கிற எங்கள் கம்பெனி பெயருக்குத்தான் கம்பெனி. உண்மையில் அது ஒரு எக்செல் ஷீட். நான்கு நோயாளிகள் இருந்தபோது நான் போட்டுக் கொடுத்தது. இப்போது முந்நூறு பேர். ஷீட்டில் வரி இருந்தால் தெரபிஸ்ட் போவார், இல்லாவிட்டால் போக மாட்டார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று முதலாளியே அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

நாளை முதல் புது சாஃப்ட்வேர். அதற்காக ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தபோது, ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தது.

கதவு எண் 41-இல் இருந்த முட்டி வலிக்காரர் எப்போதோ குணமாகிவிட்டார். அவருடைய விவரங்களை நகலெடுக்க மவுஸைப் பிடித்து இழுத்தபோது, என் கை ஒரு கட்டம் கூடுதலாகப் போயிருக்கிறது. ஷீட் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டி 41-ஐ 42 ஆக்கிவிட்டது. போன் நம்பரிலும் கடைசியில் ஒன்றைக் கூட்டிவிட்டது. அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை.

ஆஸ்பத்திரியே பணம் கட்டி அனுப்புகிற நோயாளி என்பதால் அந்த வீட்டில் யாரும் காசு கேட்கவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

ஆக, யாருமே கூப்பிடாத வீட்டுக்கு எங்கள் தெரபிஸ்ட் ஒருவர் பதினைந்து வாரமாக, வியாழன்தோறும் மதியம் ஒரு மணிக்குப் போய்வந்திருக்கிறார். மாலைக்குள் அந்த வரியை நான் நீக்கியாக வேண்டும்.

என்னை உலுக்கியது வலிக்கான கட்டம்தான். பத்துக்கு எவ்வளவு வலி என்று நோயாளியைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் தெரபிஸ்ட் அதில் பதிய வேண்டும். இரண்டுக்கு இறங்கினால் வரி பச்சையாகிப் பட்டியலிலிருந்து போய்விடும்.

ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. அடுத்த வாரம் மறுபடி ஏழு.

இப்படியே மூன்று சுற்று.

பாவம், யாரோ ஒரு பெரியவர், ஆள் வரவேண்டும் என்பதற்காக இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் நம்பர் தவறி யாராவது எனக்கு அடித்தால்கூட இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டு வைக்கிறவள் நான்.

அதனால்தான் நேரிலேயே வந்தேன்.

கதவு திறந்தது.

உள்ளே ஒரே கூச்சல். மருமகள்கள் போலிருந்த இரண்டு பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகள் ஒரு பந்துக்காக அடித்துக்கொண்டிருந்தன. கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். கடைக்குட்டிப் பேத்தியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்திருந்தார்.

விஷயத்தை ஒருவழியாக உளறிக்கொட்டி முடித்தேன்.

"எனக்கு ஏதும்மா வலி? நீங்க தேடுற ஆளு நான் இல்ல, என் முட்டிக்கு ஒன்னுமில்லன்னு முதல் நாளே வந்தவர்கிட்ட சொல்லிட்டேனே."

அப்படியென்றால் பதினைந்து வாரத்து எண்களையும் தெரபிஸ்ட்தான் போட்டிருக்கிறார்.

ஐம்பதை நெருங்குகிறவர். அதிர்ந்து பேச மாட்டார். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. ஆறு வருடமாக அவருடைய நாளை மணிக்கணக்கில் நிரப்புகிற எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பெரியவர் பேத்தியை இறக்கிவிட்டார். உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து எங்களோட உக்காந்து சாப்பிடுவாரும்மா. வீட்ல தனியா உக்காந்தா தொண்டையில இறங்க மாட்டேங்குதாம். நீங்க பாட்டுக்கு அந்த வரிய எடுத்துட்டா, வியாழக்கிழமை அவரு எங்க போவாரு?"

அந்த வரியில் போடுவதற்காகப் பெரியவருடைய பெயரையும் சரியான போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.